முதல் கீமோவின் இருபத்தொரு நாட்கள்: நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் கணக்கு, காஸ் சிலிண்டர் வந்த தேதி எல்லாவற்றையும் அம்மா அதில்தான் குறித்து வைப்பார். அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியாகி, முதல் கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிய அன்று, அந்தக் காலண்டரில் தேதிக்குக் கீழே சிவப்பு மையால் ‘1’ என்று எழுதினேன். மறுநாள் 2. அப்படியே 21 வரை. வார்டில் இருந்த மூத்த செவிலியர் ஒருவர் சொல்லிக் கொடுத்த வழி அது. “இன்று எத்தனையாவது நாள் என்று தெரிந்து வைத்திருங்கள். எதற்குக் கலங்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்” என்றார்.

இந்த வழிகாட்டியையும் அந்த நாள் கணக்கின்படியே எழுதுகிறேன். அம்மாவுக்குக் கிடைத்தது மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் டாக்சோருபிசின், சைக்ளோபாஸ்பமைட் என்ற இரு மருந்துகள். 21 நாட்களுக்கு ஒரு முறை, நான்கு தவணை. அதன் பிறகு பாக்ளிடாக்சல். வேறு புற்றுநோய்களில் மருந்தும் இடைவெளியும் மாறும். சிலருக்கு வாரந்தோறும் ஏற்றுவார்கள், சிலருக்கு மாத்திரையாகவே கொடுப்பார்கள். உங்கள் மருத்துவர் சொல்வதற்கும் இங்கே எழுதியிருப்பதற்கும் வேறுபாடு இருந்தால் மருத்துவர் சொல்வதையே கேளுங்கள்.

ஊசிக்கு முந்தைய நாட்கள்: முதலில் உண்மையைச் சொல்லுங்கள்

நம் வீடுகளில் இந்த நோயின் பெயரைச் சொல்வதில்லை. ‘கட்டி’ என்போம், ‘சதை வளர்ந்திருக்கிறது’ என்போம். ‘அடையாறுக்குப் போயிருக்கிறார்கள்’ என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையால் அந்த ஊர்ப் பெயருக்கே இப்படியொரு பொருள் வந்துவிட்டது. நோயாளிக்குத் தெரியக் கூடாது என்று பயாப்சி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டி வைக்கும் பிள்ளைகளை நான் வார்டில் நிறையப் பார்த்தேன். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். “அக்காவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள்” என்று மாமா சொன்னதைக் கேட்டு இரண்டு வாரம் மறைத்தோம். மருத்துவமனை வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், “உனக்கு எத்தனையாவது கீமோம்மா?” என்று அம்மாவிடம் கேட்டார். “இனிமேல்தான்” என்று அம்மா அமைதியாகப் பதில் சொன்னார். அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது. எங்களுக்காக அவர் தெரியாதவர் போல இருந்திருக்கிறார்.

மறைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. தனக்கு ஏறியிருப்பது கீமோ என்று அறியாதவர், பத்தாம் நாள் லேசாக உடம்பு சுட்டால் யாரிடமும் சொல்லாமல் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். “உங்களுக்கு எவ்வளவு விவரம் வேண்டும்?” என்று முதலில் கேளுங்கள். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். சிலர் “நோய் என்னவென்று மட்டும் சொல், மற்றதை நீ பார்த்துக்கொள்” என்பார்கள். அளவை அவர்களே முடிவு செய்யட்டும்.

அடுத்தது காகிதங்கள். ஒரு கெட்டி ஃபைல் வாங்கி, பயாப்சி முடிவு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு ஆகியவற்றைத் தேதி வரிசையில் வையுங்கள். மார்பகப் புற்றுநோயில் ஈ.ஆர்., பி.ஆர். (கட்டி ஹார்மோனால் வளர்கிறதா என்று பார்ப்பவை), ஹெர்-2 (ஒரு புரதம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பது) என்ற மூன்று சோதனைகளின் முடிவு கட்டாயம் வேண்டும். சிகிச்சையின் போக்கை அவையே தீர்மானிக்கின்றன. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க நினைத்தால், பயாப்சி செய்த இடத்திலிருந்து திசுவைப் பதித்த கண்ணாடித் தகடுகளையும் (ஸ்லைடு) மெழுகில் பதித்த திசுக்கட்டியையும் கேட்டு வாங்குங்கள். அதற்காக ஓரிரு வாரம் ஆவதால் மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் கெடுதல் இல்லை. தீவிர ரத்தப் புற்றுநோய் அப்படியல்ல. இன்றே சேருங்கள் என்றால் இன்றே சேர வேண்டும்.

முதல் ஊசிக்கு முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான சோதனைகளும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்பாட்டைட்டிஸ் பி கிருமிக்கான சோதனையும் நடக்கும். டாக்சோருபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் எக்கோ எடுப்பார்கள். சொத்தைப் பல் இருந்தால் இப்போதே காட்டிவிடுங்கள். நோயாளி இளம்பெண் என்றால், பின்னாளில் குழந்தை பெறும் வாய்ப்பைப் பற்றி மருத்துவரிடம் இப்போதே கேட்க வேண்டும். கருமுட்டையைச் சேமிப்பது கீமோவுக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம். கூட்டத்தின் நடுவே அதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, சாப்பிட்டு வரும் லேகியம், சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டிவிடுங்கள்.

கையில் நரம்பு கிடைப்பது கடினம் என்றால் கீமோ போர்ட் பொருத்துவதைப் பற்றிக் கேளுங்கள். தோலுக்கு அடியில் வைக்கும் சிறு குமிழ் அது. ஒவ்வொரு முறையும் கையில் ஊசி குத்தித் தேட வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்ட்டருக்குப் போய்விடுங்கள். முன் அனுமதி வாங்கிய பிறகே மேற்கொண்டு நகரும். வெளியூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் மருத்துவமனையிலேயே சலுகைப் படிவம் கேட்டு வாங்குங்கள். புற்றுநோய் நோயாளிக்குத் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுச் சலுகையும், துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு.

சிறிய விஷயம் ஒன்று. ஸ்கேனுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் நகைகளைக் கழற்றச் சொல்வார்கள். தாலிச் சங்கிலியைச் சட்டென்று கழற்றச் சொன்னபோது அம்மா கலங்கிப்போனார். நோயின் பெயரைக் கேட்டபோதுகூட அவர் அழவில்லை. முதல் நாளே வீட்டில் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு போனால் அந்தக் கலக்கம் இருக்காது.

முதல் நாள்

வெறும் வயிற்றோடு போக வேண்டாம். இரண்டு இட்லி போதும், கனமாக வேண்டாம். கை தளர்வான, முன்பக்கம் திறக்கும் உடை வசதி. ஒரு போர்வை, தண்ணீர், போன் சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கன், பில், மருந்தகம் என்று அலைவதற்கு ஒருவரும் நோயாளியின் பக்கத்தில் இருப்பதற்கு ஒருவரும் தேவை. தனியாகப் போக நேர்ந்தால் பில் வேலையை முதல் நாளே முடித்துவிடப் பாருங்கள்.

முதலில் வாந்தியைத் தடுக்கும் மருந்துகள் ஏறும். பிறகு டாக்சோருபிசின். எல்லா வார்டுகளிலும் ‘சிவப்பு மருந்து’ என்றே அதைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் செவிலியர் பக்கத்திலேயே இருந்து மெதுவாகச் செலுத்துவார். அந்த நேரத்தில் கையில் எரிச்சல், வலி, வீக்கம் எது தோன்றினாலும் உடனே சொல்லிவிட வேண்டும். “பொறுத்துக்கொள்ளலாம், பாவம் அவர்களுக்கும் வேலை” என்று நினைக்கக் கூடாது. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் இந்த மருந்து சதையைப் புண்ணாக்கிவிடும். பொறுமைசாலி என்று பெயர் வாங்கிய பெண்களை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன்.

அன்று இரவோ மறுநாளோ சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம். ஓரிரு நாளில் மாறிவிடும். முன்கூட்டித் தெரியாததால் நடு இரவில் ரத்தம் என்று அலறியவர்களை எனக்குத் தெரியும். சைக்ளோபாஸ்பமைட் சிறுநீர்ப்பையை உறுத்தும் என்பதால் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் 48 மணி நேரம் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து வெளியேறும். கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். துணி நனைந்துவிட்டால் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை அவரிடம் விடாதீர்கள். மற்றபடி தொடுவதால், கட்டிக்கொள்வதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால் புற்றுநோய் ஒட்டாது. பேரக்குழந்தையை அம்மாவின் மடியில் உட்கார வைக்கத் தயங்கிய ஓர் உறவினருக்கு இதை நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு முதல் ஆறு: குமட்டல் நாட்கள்

வாந்தி வந்தால் மாத்திரை போடலாம் என்று காத்திருக்காதீர்கள். எழுதிக் கொடுத்த நாட்கள் வரை, எழுதிய நேரத்துக்கு, குமட்டல் இல்லாவிட்டாலும் போட வேண்டும். வந்த பிறகு அடக்குவது கடினம்.

மாத்திரைகளுக்கும் குணங்கள் உண்டு. வாந்தியைத் தடுக்கும் ஆன்டன்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும்; இரண்டு நாள் மலம் போகவில்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு மருந்து வாங்குங்கள். அதனோடு தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். அம்மா முதல் மூன்று இரவும் விழித்துக்கொண்டே இருந்தார். அந்த மாத்திரையைக் காலையிலும் மதியத்துக்குள்ளும் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். மருத்துவர் நேரத்தை மாற்றிக் கொடுத்தார்; தூக்கம் வந்தது. வெள்ளையணுக்களைக் கூட்டும் ஊசியை மறுநாள் போட்டிருந்தால் இடுப்பும் கால் எலும்பும் வலிக்கும். அது அந்த ஊசியால் வருவது, நோய் எலும்புக்குப் பரவியதால் அல்ல. வலிக்கு எந்த மாத்திரை போடலாம் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

இனி சாப்பாடு. எங்கள் வீட்டில் பெரிய எதிரி தாளிப்பு வாசனை. கடுகு வெடித்து, பெருங்காயம் பொரிந்த மாத்திரத்தில் அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அந்த ஐந்து நாளும் தாளிக்காத சமையலே செய்தோம், அல்லது பக்கத்து வீட்டில் செய்து கொண்டுவந்தோம். சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசனை குறைவு. இட்லி, இடியாப்பம், மிளகு ரசம் ஊற்றிக் குழைத்த சாதம், அரிசிக் கஞ்சி ஆகியவை இறங்கின. மூன்று வேளை சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். எழுந்தவுடன் வெறும் வயிற்றில் காபி வேண்டாம். ஒரு ரஸ்க்கைக் கடித்துவிட்டுப் பிறகு குடிக்கலாம். வாயெல்லாம் இரும்புச் சுவையாக இருக்கிறது என்றால் எவர்சில்வர் கரண்டியை விட்டு மரக்கரண்டிக்கு மாறிப் பாருங்கள். எலுமிச்சை கொஞ்சம் உதவும், வாயில் புண் இல்லாதவரை.

உடம்பு தேறப் புரதம் வேண்டும். நன்றாக வெந்த முட்டை, பருப்பு, மீன், கோழி, சுண்டல் எது பிடிக்கிறதோ அது. ‘சூடு’, ‘குளிர்ச்சி’, ‘கவிச்சி ஆகாது’ என்று ஒவ்வொருவரும் ஒன்றைத் தள்ளச் சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டால் கடைசியில் கஞ்சி மட்டுமே மிஞ்சும். சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் புற்றுக்கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும் என்பதும் உண்மையல்ல. எடை குறைவதுதான் மிச்சம். நீரிழிவு உள்ளவர்கள் வழக்கமான கட்டுப்பாட்டில் இருந்தால் போதும்.

முள்சீத்தா இலை, பப்பாளி இலைச் சாறு என்று வாட்ஸ்அப்பில் வருவதை இந்த நாட்களில் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். மூலிகையைத் தாழ்வாக நினைத்து இதைச் சொல்லவில்லை. நம் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து வருகிறது. பாக்ளிடாக்சல் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. ஆனால் அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்து, மில்லிகிராம் கணக்கில், உடல் அளவைப் பார்த்துத் தருகிறார்கள். அரைத்துக் குடிக்கும் சாற்றில் எது எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. கல்லீரல் ஏற்கெனவே கீமோ மருந்தைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது.

ஏழு முதல் பதினான்கு: காலண்டரில் வட்டம் போட வேண்டிய நாட்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

ஏழாம் நாளுக்கு மேல் குமட்டல் விலகும், பசி எடுக்கும். நோயாளி எழுந்து நடமாடுவார். வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஆனால் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிகக் குறைந்து கிடப்பது இந்த நாட்களில்தான். மருத்துவமனையில் இதைக் ‘கவுன்ட் இறங்குவது’ என்பார்கள். கிருமியை எதிர்க்க ஆள் இல்லாத நிலை. சாதாரண நாளில் இரண்டு நாள் படுக்க வைக்கும் தொற்று, இப்போது சில மணி நேரத்தில் ரத்தம் முழுவதும் பரவிவிடலாம். சீழ், சிவப்பு, வீக்கம் எதுவும் தெரியாமல் போகலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றே அறிகுறி.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். காலை, மாலை இரு வேளையும், உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று அவர் சொல்லும்போதெல்லாமும் பாருங்கள். 100.4 டிகிரி பாரன்ஹீட் காட்டினால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். நள்ளிரவானாலும், அமாவாசையானாலும், தீபாவளியானாலும் சரி. பாராசிட்டமால் கொடுத்து ‘காலையில் பார்க்கலாம்’ என்று படுக்காதீர்கள்; மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நிற்காத பேதி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, திடீர்க் குழப்பம் ஆகியவை வந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் போக வேண்டும். வண்டி இல்லை என்றால் 108.

எங்களுக்கு அது பதினோராம் நாள், இரவு பத்தரை மணி, 101 டிகிரி. கீமோ கொடுத்த மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து ஏழு மணி நேரப் பயணம். அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் பணியில் இருந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு, வைரல் காய்ச்சலாக இருக்கும், மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் வாருங்கள் என்றார். நான் அங்கேயே நின்று, “கீமோ போட்டு பதினோராவது நாள். வெள்ளையணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். ஆன்டிபயாடிக் உடனே தொடங்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார்” என்று டிஸ்சார்ஜ் சுருக்கத்தை நீட்டினேன். அதன் பிறகே ரத்தம் எடுத்தார்கள். எண்ணிக்கை அபாயகரமாகக் குறைந்திருந்தது. ஐந்து நாள் டிரிப்ஸில் மருந்து ஏறி அம்மா மீண்டார். அந்த ஒரு தாள் என் கையில் இல்லாமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

எனவே முதல் கீமோ முடிந்து கிளம்பும்போதே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: இரவில் அழைக்க வேண்டிய எண், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய குறிப்பு, உங்கள் ஊருக்கு அருகில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்ற பெயர். இயன்றால் முதல் தவணையின் 14 நாட்கள் வரை மருத்துவமனைக்கு அருகிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். ஃபைல், ஆதார், காப்பீட்டு அட்டை, ஒரு மாற்று உடை, கொஞ்சம் ரொக்கம் ஆகியவற்றைப் பையில் போட்டுக் கதவருகில் மாட்டுங்கள்.

இந்த நாட்களில் பழைய சோறு, வேக வைக்காத காய்கறி, வெளியில் வெட்டி வைத்த பழம், கரும்புச் சாறு, முந்தைய நாள் குழம்பு ஆகியவை வேண்டாம். உரித்துச் சாப்பிடும் வாழைப்பழம், ஆரஞ்சு நல்லது. தண்ணீரைக் காய்ச்சி ஆற வையுங்கள். வாய்ப்புண்ணைத் தடுக்க, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளித்துத் துப்பலாம். மிருதுவான பிரஷ் வாங்குங்கள்.

பார்க்க வருகிறவர்களைத் தடுப்பது நம்மிடையே கடினமான காரியம். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஊரே வரும். வராவிட்டாலும் மனம் நோகும். வாசலிலேயே கையில் சோப்பைக் கொடுத்துவிடுங்கள். இருமல், சளி இருப்பவர்களிடம் “பதினைந்தாம் நாளுக்கு மேல் வாருங்கள், சித்தப்பா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம்” என்று நாளைக் குறித்தே சொன்னேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ‘எங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படித்தான்...’ என்று தொடங்குகிறவர்களை மட்டும் மெதுவாகச் சமையலறைப் பக்கம் அழைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

பதினைந்துக்கு மேல்: முடி

பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். தலையணையில் கொத்தாக இருக்கும். அதற்கு முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டால் அதிர்ச்சி குறையும் என்பது உண்மைதான். ஆனால் நம் அம்மாக்களுக்கு இது வெறும் அழகுப் பிரச்சினையல்ல. கணவர் இருக்கும்போது தலை மழிப்பதா என்ற கேள்வி ஒரு தலைமுறைப் பெண்களின் மனத்தில் ஆழமாக இருக்கிறது. அம்மா அதை வாய்விட்டுச் சொல்ல நான்கு நாட்கள் ஆயின. ‘வைத்தீஸ்வரன் கோயிலில் முடி இறக்குவதாக நேர்ந்துகொள்கிறேன்’ என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல வழிதான். ஆனால் கவுன்ட் குறைந்த நாட்களில் சவரக்கத்தி தலையில் படக் கூடாது. ஒரு கீறல் போதும் தொற்று நுழைய. அப்பா டிரிம்மர் வாங்கி வந்து, வீட்டு முற்றத்தில் தானே எடுத்துவிட்டார். அந்த முடியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்து, சிகிச்சை முடிந்த பிறகு கோயிலில் சேர்த்தோம். பருத்தித் துணியில் தைத்த தொப்பி வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்றது. விக் வேண்டும் என்றால் முடி இருக்கும்போதே போய் நிறம் பார்த்து வாங்குங்கள். புருவமும் இமைமுடியும்கூட உதிரலாம். மருந்துகள் முடிந்த சில மாதங்களில் எல்லாம் திரும்ப வளரும்.

இந்த வாரத்தில்தான் மனமும் தளரும். உடம்பு தேறியிருக்கும், ஆனால் பேச்சு குறையும். பல நாட்கள் தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் மருத்துவமனையிலுள்ள மனநல ஆலோசகரைக் கேளுங்கள். அரசின் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். கவனித்துக்கொள்கிறவர்களுக்கும் அதே எண்தான். எல்லாம் முடிந்த பிறகு அழுதுகொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். செய்திருக்கக் கூடாது.

இருபத்தொன்று

இரண்டாவது தவணைக்கு ஓரிரு நாள் முன்பு மறுபடியும் ரத்தப் பரிசோதனை. எண்ணிக்கை ஏறவில்லை என்றால் ஒரு வாரம் தள்ளி வைப்பார்கள். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜைக்கு இன்னும் சில நாள் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

மருத்துவரிடம் கிடைப்பது ஐந்து நிமிடம். காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். மூன்றாம் நாள் ஆறு முறை வாந்தி, ஐந்தாம் நாள் மலச்சிக்கல், பதினோராம் நாள் காய்ச்சல், சேர்க்கை என்று தேதியோடு சொன்னால் அவரால் மருந்தை மாற்ற முடியும். ‘ரொம்பக் கஷ்டப்பட்டார்கள் டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் ஆறுதல் மட்டுமே கிடைக்கும். எங்களுக்கு வாந்திக்கான மாத்திரை ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது. காய்ச்சல் வந்ததால் வெள்ளையணு ஊசி அடுத்த தவணை முதல் கட்டாயமானது. இரண்டாம் தவணை முதலாவதைவிட எளிதாகப் போயிற்று.

சிலருக்கு வார்டின் வாசனை பட்டதுமே, மருந்து ஏறும் முன்பே குமட்டும். வெட்கப்பட வேண்டாம், அதற்கும் மாத்திரை உண்டு. முந்தைய இரவே போடக் கொடுப்பார்கள். ‘கரன்ட் வைப்பது’ (கதிர்வீச்சுச் சிகிச்சை) எப்போது, அறுவைச் சிகிச்சை எப்போது என்ற கேள்விகளையும் இந்தச் சந்திப்பில் கேட்டு, கிடைக்கும் பதிலைக் காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் கதவுக்குப் பின்னால் மாட்டி, அன்றைய தேதிக்குக் கீழே ‘1’ என்று எழுதுங்கள். இரண்டாவது முறை அதை அம்மாவே எழுதினார், பால் கணக்குக்குப் பக்கத்தில்.